சுமை தூக்கியவர் சிகரம் தொட்டார்!
பனிமலைப் புலி டென்சிங்கின் கதை

பல மொழிகள் பேசுவார். ஆனால் எழுதப் படிக்கத் தெரியாது. பிறருடைய மூட்டைகளை முதுகில் சுமந்து பிழைத்தவர். அப்படிப்பட்ட ஒருவர், உலகத்திலேயே மிக உயர்ந்த இடத்தில் போய் நின்றார். அவர்தான் டென்சிங் நார்கே.

எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் 8,848 மீட்டருக்குச் சற்று அதிகம். அது எவ்வளவு? ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையை வானத்தை நோக்கி நிமிர்த்தி வைத்ததாக நினைத்துக் கொள்ளுங்கள். அதில் பாதி தூரத்துக்கும் மேலே ஏறினால்தான் அந்தச் சிகரம் வரும். அங்கே மூச்சு விடப் போதுமான காற்றுக் கிடையாது.

மாடு மேய்த்த சிறுவன்

டென்சிங் பிறந்தது 1914-ம் ஆண்டில். எவரெஸ்டுக்குத் தெற்கே, நேபாளத்தில் உள்ள தாமே என்ற கிராமத்தில் வளர்ந்தார். ஷெர்பா இனத்தவர். பெற்றோர் முதலில் இட்ட பெயர் நம்கியால் வாங்டி. ஒரு புத்த குரு அதை டென்சிங் என்று மாற்றினார்.

சிறு வயதில் 'யாக்' எனப்படும் மலை மாடுகளை மேய்த்தார். மேய்க்கும் இடத்திலிருந்து பார்த்தால் பெரிய பனிமலைகள் தெரியும். வாலிபரானதும் வேலை தேடி டார்ஜிலிங் நகருக்கு வந்தார். மலையேறும் வெள்ளைக்காரர்கள் அங்குதான் கூலியாட்களைத் தேர்ந்தெடுப்பார்கள்.

1935-ம் ஆண்டு எரிக் ஷிப்டன் என்ற ஆங்கிலேயர் எவரெஸ்டை ஆராயப் புறப்பட்டார். அவர் தேர்ந்தெடுத்த ஆட்களில் இருவர் மருத்துவப் பரிசோதனையில் தேறவில்லை. அதனால் டென்சிங்குக்கு இடம் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது இருபதுதான். முன் அனுபவம் இல்லை. சிரித்த முகம் ஒன்றுதான் சிபாரிசு!

பெயர் ஒருவருக்கு, பாரம் ஒருவருக்கு

பெரிய மலையை ஒரே நாளில் ஏறிவிட முடியாது. வழியில் பல முகாம்கள் போட வேண்டும். கூடாரம், உணவு, கயிறு, பிராணவாயு எல்லாவற்றையும் முகாம் முகாமாக மேலே கொண்டு போக வேண்டும். மெல்லிய காற்றுக்கு உடல் பழக வேண்டும். இதற்குப் பல வாரங்கள் ஆகும்.

பாரம் சுமப்பவர் ஒருவர். பெயர் வாங்குபவர் இன்னொருவர். இதுதான் வழக்கம்.

ஆனால் வழக்கம் மாறியதும் உண்டு. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைத் தொடரில் அக்கோன்காகுவா என்ற சிகரம் இருக்கிறது. உயரம் 6,961 மீட்டர். அதை வெல்ல ஃபிட்ஸ்ஜெரால்டு என்பவர் ஒரு குழுவை அழைத்துச் சென்றார். உயரத்தின் கொடுமையால் அவர் திரும்பத் திரும்ப நோயுற்றார். கடைசியில் அவருடைய வழிகாட்டியான சுர்பிரிக்கன், 1897 ஜனவரி 14-ந் தேதி தன்னந்தனியாக உச்சியை அடைந்தார். முதலாளி கடைசி வரை அங்கே போகவே இல்லை.

டென்சிங்கின் மனதிலும் ஓர் ஆசை இருந்தது. பாரம் சுமந்தால் மட்டும் போதாது. தாமும் உச்சியில் கால் வைக்க வேண்டும்!

மெழுகுவர்த்தி இரவு

1952-ல் சுவிஸ் குழு அவரைக் கூலியாக மட்டும் நடத்தவில்லை. மலையேறும் தோழராகவே சேர்த்துக் கொண்டது. ரேமண்ட் லாம்பர்ட்டும் டென்சிங்கும் வெகு உயரத்தில் ஒரு சிறு கூடாரத்தில் இரவைக் கழித்தார்கள். போர்த்திக்கொள்ளப் படுக்கைப் பை இல்லை. அடுப்பும் இல்லை. மெழுகுவர்த்திச் சுடரில் பனியை உருக்கி வாயை நனைத்துக் கொண்டார்கள்.

மறுநாள் சுமார் 8,600 மீட்டர் உயரம் வரை ஏறினார்கள். அதுவரை எவரெஸ்டில் யாரும் அவ்வளவு உயரம் ஏறியதாகத் தெரியவில்லை. உச்சிக்கு இன்னும் சுமார் 250 மீட்டர்தான் பாக்கி. ஆனால் உடம்பு ஓய்ந்துவிட்டது. திரும்பினார்கள்.

ஏழாவது முயற்சி

1953-ல் ஜான் ஹண்ட் தலைமையில் ஆங்கிலேயர் குழு புறப்பட்டது. டென்சிங் எவரெஸ்டுக்குச் செல்வது அது ஏழாவது முறை. ஷெர்பாக்களுக்குத் தலைவரும் அவரே.

காட்மாண்டுவில் ஷெர்பாக்கள் தங்குவதற்குத் தூதரகத்தின் வண்டிக் கொட்டகையை ஒதுக்கினார்கள். அவர்கள் கொதித்தார்கள். டென்சிங் அவர்களைச் சமாதானப்படுத்தினார்.

ஏறும்போது ஒரு நாள், நியூஜிலாந்துக்காரரான எட்மண்ட் ஹிலாரி பனிப் பிளவில் விழுந்தார். இருவரையும் ஒரே கயிறு இணைத்திருந்தது. டென்சிங் சட்டென்று கோடரியைப் பனியில் ஊன்றிக் கயிற்றை இறுக்கினார். ஹிலாரி உயிர் தப்பினார்.

மே 26-ந் தேதி முதல் ஜோடி உச்சிக்கு நூறு மீட்டர் கீழே வரை போய்த் திரும்பியது. அடுத்த வாய்ப்பு ஹிலாரிக்கும் டென்சிங்குக்கும் வந்தது.

மே 29. காலை ஆறரை மணிக்கு, சுமார் 8,500 மீட்டர் உயரத்தில் இருந்த கூடாரத்தை விட்டு இருவரும் கிளம்பினார்கள். பனியை வெட்டி வெட்டிப் படி அமைத்தார்கள். பகல் பதினொன்றரை மணிக்கு அதற்கு மேல் ஏற இடமே இல்லை. ஆம், உச்சி வந்துவிட்டது!

கால் மணி நேரம் அங்கே நின்றார்கள். டென்சிங் பனியில் குழி தோண்டி இனிப்புகளைக் காணிக்கையாக வைத்தார். மகள் நீமா கொடுத்தனுப்பிய ஒரு பென்சிலையும் புதைத்தார். எழுதத் தெரியாத தந்தை, மகளின் பென்சிலை உலகத்தின் உச்சியில் விட்டு வந்தார்!

முதலில் கால் வைத்தது யார்?

வெற்றிச் செய்தி பரவியதும் சண்டை தொடங்கியது. முதலில் உச்சியை அடைந்தது யார்? டென்சிங் இந்தியரா, நேபாளியா? ஊரெங்கும் இதே பேச்சு. ஹண்டுக்கும் ஹிலாரிக்கும் 'சர்' பட்டம் கிடைத்தது. டென்சிங்குக்குக் கிடைத்தது ஜார்ஜ் பதக்கம்.

தாமே முதலில் ஏறியதாக டென்சிங் சொல்லியிருந்தால் கோடிப் பேர் நம்பியிருப்பார்கள். ஆனால் 1955-ல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் உண்மையைச் சொன்னார். முன்னால் கால் வைத்தவர் ஹிலாரி. சில அடிகள் பின்னால் தாம். ஒரே கயிற்றில் போகிறவர்களுக்குள் முதல் என்ன, இரண்டு என்ன என்பது அவர் எண்ணம். மலையை வெல்வதைவிடக் கடினமான வெற்றி அது!

கூலியாள் ஆசிரியரானார்

பிரதமர் நேருவின் ஆதரவுடன் 1954 நவம்பரில் டார்ஜிலிங்கில் மலையேற்றப் பள்ளி தொடங்கப்பட்டது. களப் பயிற்சிக்கு டென்சிங் தலைவரானார். ஏட்டுப் படிப்பு இல்லாதவரிடம் படித்த இளைஞர்கள் பாடம் கேட்டார்கள். 1959-ல் பத்மபூஷண் விருது பெற்றார். 1976 வரை பணியாற்றினார்.

1986 மே 9-ந் தேதி டென்சிங் காலமானார். அவரைத் தகனம் செய்த இடம் அந்தப் பள்ளியின் வளாகமே. மகன் ஜாம்லிங் 1996-ல் எவரெஸ்டில் ஏறித் தந்தை நின்ற இடத்தில் தாமும் நின்றார். டார்ஜிலிங் பள்ளியில் இன்றும் இளைஞர்கள் கயிறும் கோடரியுமாகப் பாடம் கற்கிறார்கள். அங்கு வருகிறவர்களும் முதுகில் தங்கள் சுமையைத் தூக்கிக்கொண்டுதான் மலை ஏறப் பழகுகிறார்கள்.