மடங்கிய விரல்களும் மருத்துவப் படிப்பும்

மதுரையில் டாக்டர் வி. என்றால் சின்னப் பிள்ளைக்கும் அரவிந்த் கண் மருத்துவமனைதான் ஞாபகம் வரும். ஆனா அவர் நம்ம அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் படித்து 1938-இல் பட்டம் வாங்கியவர் என்பது இன்றைய மாணவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கோவிந்தப்ப வெங்கடசாமி 1918 அக்டோபர் 1 அன்று வடமலாபுரம் என்ற கரிசல்காட்டுக் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944-இல் படிப்பை முடித்தார். உறவுப் பெண்கள் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்தவர், பிரசவ மருத்துவராக வேண்டும் என்று இருந்தார். ராணுவ மருத்துவப் பணிக்குப் போன இடத்தில் முடக்குவாதம் தாக்கியது. 1948-இல் வேலையும் போய், படுத்த படுக்கையானார். விரல்கள் கோணிப்போயின. பேனா பிடிக்கக்கூட முடியலை.

பிரசவ மருத்துவம் கைவிட்டுப் போனாலும் அவர் படிப்பை விடவில்லை. கண் மருத்துவத்தில் சேர்ந்து 1951-இல் பட்டயம் பெற்றார். அறுவைக் கத்தியைப் பிடிக்க விரல்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினார். தன் கைக்குத் தகுந்தபடி கருவிகளையும் வடிவமைத்துக்கொண்டார். பொறியாளனான எனக்கு அவர் வாழ்க்கையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

1956-இல் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவரானார். 1973-இல் பத்மஸ்ரீ பெற்றார். 1976-இல் ஓய்வு பெற்றதும் 11 படுக்கைகளோடு அரவிந்தைத் தொடங்கினார். அந்தக் கோணல் விரல்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைச் சிகிச்சைகளைச் செய்தன. 2006 ஜூலை 7 அன்று காலமானார்.

அன்றைக்கு யாராவது அவர் ஊனத்தைச் சதவீதத்தில் அளந்து, இந்தக் கை படிப்புக்கு ஆகாது என்று எழுதியிருந்தால்? 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீதத்துக்குக் குறையாத இடம் தரச் சொல்கிறது. ஊனத்தின் சதவீதத்தை மட்டும் பார்த்து மருத்துவப் படிப்பை மறுக்கக் கூடாது, அவரால் படிக்க முடியுமா என்று பார்க்கணும் என உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் தீர்ப்பளித்தது.

இடம் கிடைத்தால் மட்டும் போதுமா? வகுப்புக்குப் போகச் சாய்தளம் வேணும், எட்டுகிற உயரத்தில் ஆய்வக மேசை வேணும், தேர்வெழுத உதவியாளர் வேணும். பழைய மாணவர்களாகிய நாம் கொடுக்கும் நன்கொடையில் ஒரு பங்கை இதற்கென்று ஒதுக்குவோம். நம்ம வாசலுக்கு வரும் அடுத்த வெங்கடசாமி சக்கர நாற்காலியில் வரலாம்.