துணி மூட்டையோடு தோட்டம் புகுந்த நடேசய்யர்

நம் மூவார் வட்டாரத்துக்குப் பால்மரம் வெட்ட வந்த நம் பாட்டன்மாரைப் போலவே, இலங்கைக்குத் தேயிலைக் கொழுந்து கிள்ளப் போனவர்களும் உண்டு. கங்காணியும் லயமும் ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். அந்த மக்களுக்காக உழைத்த கோ. நடேசய்யரைப் பற்றி இன்று பார்ப்போம்.

தஞ்சை மாவட்டத்தில் 1887ல் பிறந்தவர். இலங்கைக்குப் போனபோது அவர் கண்டது என்ன? வெளியாள் யாரும் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாது; வைத்தால் வழக்கு. ஐயர் என்ன செய்தார் தெரியுமா? துணி வியாபாரி மாதிரி மூட்டையைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்துவிட்டார்! லயத்து ஜனங்களின் கஷ்டத்தையும் கங்காணிக் கடனையும் நேரில் பார்த்தார். பார்த்ததைப் பத்திரிகையில் எழுதினார்.

1925ல் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தோட்டத்து இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1927ல் வந்தபோது, சபையில் நம்மவர் பேரைச் சொல்லிப் பேச ஓர் ஆள் இருந்தது. 1931ல் அட்டன் நகரில் தோட்டத் தொழிலாளருக்கென்றே சங்கம் கண்டார். அவர் துணைவியார் மீனாட்சி அம்மாள், எழுத்தறியாத மக்களுக்கும் புரியும்படி பாட்டாகவே பாடி விழிப்பூட்டினார். 1936ல் அட்டன் தொகுதி ஐயரை அரசாங்க சபைக்கு அனுப்பியது.

பிறகு புதிய சங்கங்கள் வளர்ந்தன; அவர் செல்வாக்கு குறைந்தது. 1947 தேர்தலில் தோற்றார். அதே ஆண்டு காலமானார்.

மறு வருஷமே, 1948ல், இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. லட்சக்கணக்கான தோட்டத் தமிழர் நாடற்றவராயினர். அடுத்து ஓட்டும் போயிற்று. இந்தக் கொடுமை முழுசாகத் தீர 2003ல் ஒரு தனிச் சட்டம் வேண்டியிருந்தது. எத்தனை தலைமுறை வீணாகிவிட்டது, பாருங்கள்!

உரிமை ஒரு நாளில் வருவதில்லை. கையில் காகிதம் இல்லையென்றால் நிலைப்பதும் இல்லை. ஆகவே நாம் கேட்டுக்கொள்வது இதுதான்: வீட்டில் பிள்ளை பிறந்தால் நாள் கடத்தாமல் பிறப்புப் பத்திரம் எடுங்கள். பன்னிரண்டு வயதானால் அடையாளக் கார்டு எடுங்கள். வாக்காளர் பட்டியலில் உங்கள் பேர் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஐயர் மூட்டை சுமந்து தேடியதை நாம் பெட்டியில் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டாமா?