தொழில் என்னவென்று கேட்ட வைத்தியர்

பதுவை நகரின் பெயரைக் கேட்டதும், அன்பான வாசகர்களே, உங்கள் நினைவுக்கு வருபவர் கோடி அற்புதர் புனித அந்தோனியாரே. அவர் மறைந்து ஏறக்குறைய ஐந்து நூற்றாண்டுகளின் பின், அதே நகரின் பல்கலைக்கழகத்தில், கண்பார்வை மங்கிப்போன முதியவர் ஒருவர் மாணவருக்கு வைத்தியம் கற்பித்துக் கொண்டிருந்தார். அவர் பெயர் பேர்னாடீனோ றமசீனி. நீங்கள் வேலை செய்யும் இடத்தில் தூசிக்கு முகமூடி தருகிறார்கள் என்றால், நோயென்று போகும்போது வைத்தியர் உங்கள் தொழிலை விசாரிக்கிறார் என்றால், அந்த வழக்கத்திற்குப் பெரிதும் காரணமானவர் இவரே. ஆனாலும் எம்மில் இவரை அறிந்தவர் மிகச் சிலர்.

றமசீனி 1633ஆம் ஆண்டு வட இத்தாலியில், மொடெனாவுக்கு அண்மையிலுள்ள கார்ப்பி என்னும் சிற்றூரில் பிறந்தார். யேசு சபைக் குருமாரிடம் கல்வி கற்று, பார்மா பல்கலைக்கழகத்தில் 1659இல் வைத்தியப் பட்டம் பெற்றார். உரோமாபுரியில் சிலகாலம் பயின்றபின் அதன் வடக்கே நாட்டுப்புறத்தில் தொழில் தொடங்கினார். அங்கே மலேரியாக் காய்ச்சல் அவரையே படுக்கையில் விழுத்தி ஊருக்குத் திருப்பி அனுப்பியது. 1671இல் மொடெனா நகருக்கு வந்தார். 1682இல் அந்நகரின் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியர் ஆக்கியது. இதுவரை ஒரு கெட்டிக்கார வைத்தியரின் சாதாரண வாழ்க்கைதான்.

மொடெனாவில் வீடுகள் நெருக்கமானவை. ஒவ்வொரு வீட்டின் மலக்குழியையும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஆள் இறங்கித் துப்புரவு செய்வது வழக்கம். றமசீனியின் வீட்டிலும் அவ்வாறு ஒருவன் இறங்கினான். அவன் மூச்சுவிடவும் நேரமின்றி அள்ளி அள்ளிக் கொட்டுவதைக் கண்ட வைத்தியர், ஏன் இப்படி அவதிப்படுகிறாய், ஆறுதலாகச் செய்தால் என்ன என்று கேட்டார். குழிக்குள் நின்றபடியே அவன் நிமிர்ந்து பார்த்தான். நான்கு மணி நேரத்துக்கு மேல் இதற்குள் நின்றால் கண் போய்விடும் என்ற கருத்துப்படச் சொன்னான்.

வேறொருவர் என்றால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போயிருப்பார். றமசீனி அவன் மேலே வரும்வரை காத்திருந்து அவன் கண்களைச் சோதித்தார். அவை சிவந்து மங்கியிருந்தன. இதற்கு என்ன மருந்து செய்வீர்கள் என்று கேட்டார். வீட்டுக்குப் போய் ஒருநாள் முழுவதும் இருட்டறையில் அடைந்து கிடந்து, இளஞ்சூட்டு நீரால் கண்ணைக் கழுவுவதைத் தவிர வேறொன்றும் இல்லை என்று அவன் சொன்னான். அதன்பிறகு அந்நகரில் பிச்சை எடுப்போரைக் கவனித்தபோது, அவர்களிற் பலர் இதே தொழில் செய்து பார்வை இழந்தவர்கள் என்பது தெரியவந்தது. ஊரின் அழுக்கை நீக்கியவர்கள் ஊரின் தெருவிலேயே கையேந்தி நின்றார்கள்! கண்ணை எரிப்பது அழுகிய கழிவிலிருந்து எழும் ஐதரசன் சல்பைட்டு வாயு என்பது இன்று எமக்குத் தெரியும். அவருக்கு அது தெரியாது. ஆனாலும், பார்வையை மறைக்காத மெல்லிய தோற்பையால் முகத்தை மூடிக்கொண்டு இறங்கும்படி அவர் ஆலோசனை கூறினார். அவ்வாயுவினால் குழிக்குள்ளேயே மாண்டவர்களின் செய்தியை இன்றும் நீங்கள் பத்திரிகையில் வாசிக்கிறீர்கள்.

அந்த நாளிலிருந்து வைத்தியர் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கத் தொடங்கினார். தாழ்ந்த இடங்களுக்குப் போவதை அவர் இழிவாக எண்ணவில்லை. மட்பாண்டத்திற்கு மெருகிட ஈயம் அரைக்கும் குயவனுக்கு முதலில் கை நடுங்கி, பின் கை விழுந்து, பல்லும் கொட்டி, முகமே ஈய நிறமாவதைக் கண்டார். தானியம் புடைப்போரும் அளப்போரும் இளைப்பு நோயால் முதுமை காணாமலே இறப்பதைக் கண்டார். வெனிசின் முறானோத் தீவில் கண்ணாடிக்குப் பாதரசம் பூசுவோரைப் பற்றி அவர் எழுதியதை வாசித்தால் மறக்க முடியாது. தாங்கள் செய்த கண்ணாடியிலேயே தங்கள் நலிந்த முகத்தைப் பார்க்க நேர்ந்து, தொழிலைச் சபித்தார்களாம். புகையிலைத் தூள் அரைப்போரின் தலைச்சுற்றையும் குமட்டலையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஆலையைச் சுற்றும் குதிரைகள்கூடத் தலையை உதறி இருமின என்று குறித்திருக்கிறார். யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களில் இருந்து பழகிய வாசகர்களுக்கு இந்தப் பகுதியை நான் விளக்க வேண்டியதில்லை.

நோய் பட்டறைச் சுவருக்குள் நிற்பதில்லை என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. மொடெனா ஆட்சிக்குட்பட்ட பினாலே என்ற ஊரில், பாதரசத்திலிருந்து வீரம் என்னும் நஞ்சைத் தயாரிக்கும் பெரிய தொழிற்சாலை ஒன்று இருந்தது. அன்னபேதியை உலையில் வறுக்கும்போது எழும் புகை அயலையே நஞ்சாக்குகிறது, தொழிற்சாலையை ஊருக்கு வெளியே கொண்டுபோக வேண்டும் என்று ஊரவர் ஒருவர் வழக்கிட்டார். அவர் கொண்டுவந்த சாட்சியம் என்ன தெரியுமா? பங்குக் கோவிலின் மரணப் பதிவேடு! தொழிற்சாலையைச் சூழ்ந்த பகுதியில் ஆண்டுதோறும் மற்ற இடங்களைவிடக் கூடுதலானோர் இறந்ததை அது காட்டியது. அவர்களிற் பெரும்பாலார் நெஞ்சு நோயாலும் உடல் மெலிந்தும் மாண்டவர்கள் என ஊர் வைத்தியர் சத்தியம் செய்தார். மறுபக்கத்தில் கோமகனின் அதிகாரி ஒருவர் தொழிலதிபருக்காக வாதாடினார். இருபக்கமும் அறிக்கைகள் பறந்தன. முடிவில் தொழிலதிபரே வென்றார்.

றமசீனி இவ்வழக்கைத் தம் நூலில் எழுதி வைத்தார். தீர்ப்புச் சரியா பிழையா என்பதை இயற்கையை அறிந்தோர் தீர்மானிக்கட்டும் என்று விட்டுவிட்டார். இன்னும் துணிந்து சொல்லியிருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. எனினும் அவர் எழுதாவிட்டால், கோவிற் பதிவேட்டின் பெயர்களை வைத்து ஒரு தொழிற்சாலையைக் கேள்வி கேட்ட அந்த மனிதரின் முயற்சி எமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

தொழிலாளரின் நோய்கள் பற்றிய அந்த இலத்தீன் நூல் 1700ஆம் ஆண்டு மொடெனாவில் வெளிவந்தது. ஆசிரியருக்கு அப்போது வயது அறுபத்தைந்தைத் தாண்டியிருந்தது. நாற்பதுக்கு மேற்பட்ட தொழில்கள் அதில் இடம்பெற்றன. ஏழைத் தொழிலாளியின் வீட்டுக்குப் போகும் வைத்தியர் உடனே நாடி பிடித்துவிட்டு எழுந்து ஓடக்கூடாது. முக்காலி கிடந்தாலும் அதைப் பொன் ஆசனமாக எண்ணி அமர்ந்து, ஆறுதலாக விசாரிக்க வேண்டும் என்று அதில் அறிவுறுத்தினார். பண்டைய கிரேக்க வைத்தியர் இப்போக்கிரத்தீஸ் நோயாளியிடம் கேட்கச் சொன்ன கேள்விகளோடு மேலும் ஒன்றைச் சேர்த்தார். உமது தொழில் என்ன என்பதே அக்கேள்வி.

அதே ஆண்டு வெனிஸ் குடியரசு அவரைப் பதுவைப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்தது. அங்கே அவருடைய கண்கள் படிப்படியாக ஒளி இழந்தன. ஓய்வு கேட்டார்; அரசு இசையவில்லை. பிறர் உதவியோடு தம் நூலை விரிவாக்கி 1713இல் மீண்டும் வெளியிட்டார். அச்சுத் தொழிலாளர், நெசவாளர், கிணறு வெட்டுவோர், மாலுமிகள், எழுத்தர் எனப் பன்னிரண்டு அத்தியாயங்கள் புதிதாகச் சேர்ந்தன. அவருக்குப் பழக்கமான நொத்தாரிசு ஒருவர் ஓயாது எழுதி வலக்கை செயலிழந்து, இடக்கையால் எழுதப் பழகியபோது, சிறிது காலத்தில் அந்தக் கையையும் நோய் பற்றிக்கொண்ட கதை அப்பதிப்பில்தான் இருக்கிறது.

1714 நவம்பர் 5ஆம் திகதி, எண்பத்தொரு வயதில், வழக்கம்போல் மாணவருக்குப் பாடம் சொல்லப் புறப்பட ஆயத்தமாகும்போது றமசீனியைப் பாரிசவாதம் தாக்கியது. அன்றே பதுவையில் அவர் உயிர் பிரிந்தது.