யார் இந்த இல்ஹான் நியூ? டப்பா 'சைனீஸ்' உணவுக்குப் பின்னால் ஒரு கொரியாக்காரர்!

அமெரிக்காவில் 'லா சோய்' டப்பாவைப் பார்த்தால் ஏதோ சீனக் கம்பெனி என்றுதான் தோன்றும். ஆனா, அதை ஆரம்பித்த இருவரில் ஒருவர்கூட சீனர் கிடையாது!

1895-ல் பியாங்யாங்கில் பிறந்தவர் இல்ஹான் நியூ. 9 வயதிலேயே படிப்புக்காக அமெரிக்கா அனுப்பப்பட்டார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவர், 1922-ல் நண்பர் வாலி ஸ்மித்துடன் சேர்ந்து டெட்ராய்ட்டில் லா சோயைத் தொடங்கினார். சரக்கு, பச்சைப்பயறு முளை. சீக்கிரமே அழுகிவிடும் முளையை டப்பாவில் அடைத்ததால், அமெரிக்க வீடுகளில் 'சாப் சூயி' செய்வது ஈஸியானது.

ஒரே குறை, டப்பா முளையில் மொறுமொறுப்பு இருக்காது. அதற்கும் வழி இருக்கு. தண்ணீரை வடித்து, முளையை நன்றாக அலசி வைக்கணும். வெங்காயம், பூண்டு, செலரியை அதிக தீயில் வதக்கி, கடைசியாக முளையைப் போட்டு உடனே இறக்கணும்.

நல்ல வருமானம் வந்தும் நியூ அமெரிக்காவிலேயே தங்கிவிடவில்லை. ஜப்பான் ஆட்சியில் இருந்த தாய்நாட்டில் மக்கள் மருந்துக்குத் திண்டாடினார்கள். 1926-ல் சியோலில் 'யூஹான்' மருந்து நிறுவனத்தைத் தொடங்கினார். பிறகு ஊழியர்களுக்கும் அதில் பங்கு கொடுத்தார்.

1971-ல் அவர் இறந்தபின் உயிலைப் பிரித்தவர்களுக்கு ஆச்சரியம். பேத்தியின் படிப்புக்கு 10,000 டாலர். கம்பெனி பங்குகள் கல்விப் பணிக்கு. மகனுக்கோ சொத்து இல்லை. படிக்க வைத்தாச்சு, இனி சொந்தக் காலில் நிற்கணும் என்பதே அப்பாவின் முடிவு.

திறந்ததும் சாப்பிடுகிற டப்பாவை ஊருக்கு விற்றவர், மகனுக்கு மட்டும் எதையும் ரெடியாக விட்டுவைக்கவில்லை!