பற்களுக்கு ஒழுங்கு கற்பித்தவர்

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று நம் பெரியோர் கேட்பதுண்டு. இது குணத்துக்கு மட்டுமன்று, வளரும் தாடைக்கும் பொருந்தும். இதை உணர்ந்து, பற்களைச் சீரமைப்பதை ஒரு தனி மருத்துவத் துறையாகவே வளர்த்தவர் எட்வர்ட் ஹார்ட்லி ஆங்கிள். அப்பெரியாரின் வாழ்வைச் சிறிது காண்போம்.

ஆங்கிள் 1855ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். இளமையிலேயே கருவிகள் செய்வதில் கைத்திறன் மிக்கவராய் விளங்கினார். 1878இல் பல் மருத்துவப் பட்டம் பெற்றார். சில ஆண்டுகளில் அத்தொழிலை விட்டு, மொன்டானா சென்று ஆடு வளர்த்தார். கடுங்குளிரில் மந்தை மடிந்தது. ஆயினும் மனம் தளராமல் மீண்டும் பல் மருத்துவத்துக்கே திரும்பினார்.

அந்நாளில் எத்துப்பல்லையும் தெற்றுப்பல்லையும் அழகுக் குறையாகவே பலரும் கருதினர். ஆங்கிளோ, பற்கள் வரிசையாக இருந்தால் மட்டும் போதாது, மேற்பற்களும் கீழ்ப்பற்களும் பொருந்திக் கடிக்கவும் வேண்டும் என்று கண்டார். ஆறு வயதில் முளைக்கும் முதல் நிலைக் கடைவாய்ப்பல்லையே அடையாளமாகக் கொண்டு, கடிக்கோளாறுகளை மூன்று வகையாகப் பிரித்து 1899இல் வெளியிட்டார். எளிமையான அப்பாகுபாட்டை இன்றும் மருத்துவ மாணவர்கள் கற்கின்றனர்.

1900இல் செயின்ட் லூயிஸ் நகரில் இத்துறைக்கென்றே ஒரு பள்ளியைத் தொடங்கினார். அவர் துணைவியார் அன்னாவும் பல் மருத்துவம் கற்றவர். கணவரின் பணிகளில் உறுதுணையாய் நின்றார். 1920களில் ஆங்கிள் வடிவமைத்த, செவ்வகக் கம்பி பொருந்தும் சிறு பிடிப்பின் வழிவந்தவையே இன்று நம் தோழியர் பலர் அணியும் கிளிப்புகள்.

ஆங்கிள் பிடிவாதக்காரர். எல்லாப் பற்களையும் காத்தே சீர் செய்ய வேண்டும், இடத்துக்காக ஒரு பல்லையும் பிடுங்கலாகாது என்பதில் அசையாது நின்றார். 1930இல் அவர் மறைந்த பின், அவரிடம் பயின்ற சார்லஸ் ட்வீட், தாம் சீர் செய்த பற்கள் பல நிலைக்காததைக் கண்டார். பழைய நோயாளிகள் பலருக்குச் சில பற்களை எடுத்து மீண்டும் சீரமைத்து, சிலருக்கு அதுவே நன்மை என்று காட்டினார். ஆசிரியரின் கருவியைப் போற்றியவரே அவர் கொள்கையைத் திருத்தினார். குருபக்தியும் உண்மைப் பற்றும் ஒருவரிடமே இருக்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

கோளாறு தோன்றும்போதே கவனிக்க வேண்டும் என்று ஆங்கிள் வற்புறுத்தினார். ஏழு வயதுக்குள் ஒருமுறையேனும் பரிசோதிப்பது நன்று என்கின்றனர் இன்றைய வல்லுநர்கள். எல்லாக் குழந்தைகளுக்கும் உடனே சிகிச்சை தேவைப்படாது. ஆனால் மேல்வரிசை கீழ்வரிசைக்கு உட்புறமாகக் கடித்தாலோ, விரல் சூப்பும் பழக்கம் நீங்காவிட்டாலோ காலம் தாழ்த்தலாகாது.

ஆறு வயதுக் கடைவாய்ப்பல், பால்பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே முளைப்பது. ஆகவே அதையும் பால்பல் என்றெண்ணிப் பலர் சொத்தையாக விட்டுவிடுகின்றனர். அதுவோ விழுந்தால் மறுபடி முளைக்காது! மாணவியரே, இன்று மாலை வீட்டில் உள்ள தம்பி தங்கையரை வாய் திறக்கச் சொல்லிப் பாருங்கள். அச்சிறு பல்லைக் காப்பதே ஆங்கிளுக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.