முயலின் குரலில் வந்த பதில்

கேரட்டைக் கடித்துக்கொண்டே எதிரியின் முன் அலட்டிக்கொள்ளாமல் நிற்கும் பக்ஸ் பன்னி என்ற முயலைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். 1940-ல் வெளிவந்த கார்ட்டூன் படத்தில் தொடங்கி ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் அந்த முயலுக்குக் குரல் கொடுத்தவர் மெல் பிளாங்க் என்ற அமெரிக்கர்.

1908 மே 30 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்து, ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்தில் வளர்ந்தார். வகுப்பில் குரல் மாற்றிப் பேசிச் சிரிக்கவைக்கும் பையன். வெறுமை எனப் பொருள்படும் உன் குடும்பப் பெயரைப் போலவே நீயும் ஒன்றுமில்லாமல் போவாய் என்று ஆசிரியர் ஒருவர் கடிந்துகொண்டாராம். பின்னாளில் பெயரின் கடைசி எழுத்தை மாற்றிக்கொண்டார். ஓர் ஆசிரியரின் சொல் எவ்வளவு தூரம் வருகிறது பாருங்கள்!

வானொலியில் பழகிய பின், 1937-ல் வார்னர் பிரதர்ஸ் கார்ட்டூன்களுக்கு வந்து போர்க்கி என்ற பன்றிக்குட்டிக்குக் குரலானார். அதற்குமுன் அக்குரலைத் தந்தவருக்கு உண்மையாகவே திக்குவாய் இருந்தது. அதை அவரால் கட்டுப்படுத்த இயலாததால் ஒலிப்பதிவு நீண்டுகொண்டே போனது. வேண்டியபோது திக்கவும் நிறுத்தவும் தெரிந்தவருக்கு வேலை கிடைத்தது. டாஃபி வாத்து, ட்வீட்டி குருவி, சில்வெஸ்டர் பூனை எனப் பட்டியல் நீண்டது. சம்பள உயர்வு கேட்டார், மறுக்கப்பட்டது. அதற்குப் பதிலாகத் திரையில் தம் பெயர் வரவேண்டும் என்று கேட்டுப் பெற்றார். அவருடன் பேசிய மற்றக் கலைஞர்களின் பெயர்கள் பல ஆண்டுகள் வராமலே போயின. அது அவர்களுக்கு நியாயமாக அமையவில்லை என்றே சொல்லவேண்டும்.

1961 ஜனவரி 24 இரவு, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் சன்செட் பூல்வார்டில், விபத்துகளுக்குப் பேர்போன ஒரு வளைவில், எதிரே வந்த கார் அவருடைய காரில் நேருக்கு நேர் மோதியது. கால்களும் இடுப்பெலும்பும் நொறுங்கின. தலையில் பலத்த அடி. ஏறத்தாழ இரண்டு வாரங்கள் நினைவின்றிக் கிடந்தார். மனைவி எஸ்டெல்லும் மகன் நோயெலும் அருகிலிருந்து அழைத்தும் அசைவில்லை. மெல் என்று கூப்பிட்டுப் பார்த்துச் சலித்த மருத்துவர், ஒருநாள் பக்ஸ் பன்னி என்று அழைத்து நலம் விசாரித்தார். படுக்கையிலிருந்து மெல்லிய பதில் வந்தது, முயலின் குரலில்! யாரைக் கண்டாலும் டாக்டர் என்றே விளிப்பது அந்த முயலின் வழக்கம். அன்று எதிரில் நின்றவர் உண்மையான டாக்டர். அடுத்துப் போர்க்கியை அழைத்தார். போர்க்கியும் பதில் சொன்னது.

இதற்கு மருத்துவ விளக்கம் எதுவோ, நான் அதற்குள் போகவில்லை. நோயாளிகளைச் சந்திக்கச் செல்லும்போது நான் காண்பது ஒன்று உண்டு. நினைவிழந்தவரின் கட்டிலருகே இரண்டு மூன்று நாள் பேசிப் பார்க்கும் உறவினர், பிறகு அவர் அங்கே இல்லாதவர்போலத் தங்களுக்குள் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். அந்த மருத்துவரோ இன்னொரு பெயர் மிச்சமிருக்கிறதா என்று தேடினார்.

உடல் முழுவதும் மாவுக்கட்டோடு மெல் வீடு திரும்பினார். ஃபிளின்ட்ஸ்டோன்ஸ் தொடரில் பார்னி என்ற பாத்திரம் அவருடையது. அவர் இல்லாத சில வாரங்கள் டாஸ் பட்லர் என்ற கலைஞர் அவருக்காகப் பேசினார். பிறகு ஒலிப்பதிவுக் கருவிகள் அவருடைய படுக்கையறைக்கே வந்தன. சக கலைஞர்கள் கட்டிலைச் சுற்றி நிற்க, மல்லாந்து படுத்தபடியே பேசினார். வளைவின் அபாயத்துக்காக நகர நிர்வாகத்தின்மீது வழக்கும் தொடுத்தார். அந்தச் சாலை பின்னர் திருத்தி அமைக்கப்பட்டது.

மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்து, 1989 ஜூலை 10 அன்று தமது 81-வது வயதில் காலமானார். கார்ட்டூன் முடியும்போது போர்க்கி திரையில் தோன்றித் திக்கித் திக்கி விடைபெறுமே, அந்த வாக்கியத்தையே தம் கல்லறையில் பொறிக்கச் சொல்லியிருந்தார். ஹாலிவுட்டில் உள்ள அந்தக் கல்லில் திக்கல் இல்லாமல் பொறித்திருக்கிறார்கள்.