கல்லறையில் ஒரு சூத்திரம்

ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவின் மத்தியக் கல்லறைத் தோட்டத்தில் மார்பளவுச் சிலை ஒன்று உண்டு. அதன் மேலே ‘எஸ் = கே லாக் டபிள்யூ’ என்ற சூத்திரம் பொறிக்கப்பட்டுள்ளது. அங்கே துயில்பவர் லுட்விக் போல்ட்ஸ்மான். அவர் பெயர் தாங்கிய மாறிலியை இயற்பியல் ஏட்டில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அந்த ஓரெழுத்தின் பின்னே இருந்த மனிதரை அறிந்தபின் அவரைப் பற்றி எழுதாமல் இருக்க இயலவில்லை.

1844 பிப்ரவரி 20 அன்று, வரித்துறை அலுவலர் ஒருவரின் மகனாக வியன்னாவில் பிறந்தார். பதினைந்து வயதில் தந்தையை இழந்தார். எனினும் படிப்பு தடைப்படவில்லை. 1866-இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1869-இல், 25 வயதிலேயே, கிராட்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவுகள் மூடியிருந்த காலம் அது. வகுப்பில் அமர்ந்து கேட்க அனுமதி மறுக்கப்பட்ட ஹென்ரியெட் என்ற பெண்ணை மேல்முறையீடு செய்ய ஊக்குவித்தார். அனுமதியும் கிடைத்தது. 1876-இல் அவரையே மணந்தார்.

போல்ட்ஸ்மான் செய்த சாதனை யாது? நான்கு நாணயங்களைச் சுண்டிப் பாருங்கள். நான்கும் தலையாக விழ ஒரே வழி. இரண்டு தலை, இரண்டு பூ விழ ஆறு வழிகள். வாயுவில் உள்ள கோடானுகோடி மூலக்கூறுகளும் இவ்வாறே வழிகள் மிகுந்த நிலையை நாடுகின்றன. அவ்வழிகளின் எண்ணிக்கையோடு தொடர்புடையதே என்ட்ரோபி என்று 1877-இல் நிறுவினார். சூத்திரத்துக்கு இன்றைய வடிவம் தந்தவர் மாக்ஸ் பிளாங்க்.

ஆனால் எர்ன்ஸ்ட் மாக், ஆஸ்ட்வால்ட் முதலிய அறிஞர்கள் அணுக் கொள்கையையே ஏற்க மறுத்தனர். வாதங்கள் நீண்டன. பார்வை மங்கியது, மனச்சோர்வும் வாட்டியது. 1906 செப்டம்பர் 5 அன்று, குடும்பத்தோடு விடுமுறைக்குச் சென்றிருந்த டுயினோவில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அணு உண்மையே என்பதற்கான கணக்கை 1905-இலேயே ஐன்ஸ்டீன் வெளியிட்டிருந்தார். 1908 முதல் பெர்ரன் செய்த சோதனைகள் அதை உறுதிசெய்தன. ஆஸ்ட்வால்டும் பின்னர் இணங்கினார்.

கதை அத்துடன் முடியவில்லை. 1948-இல் கிளாட் ஷானன் செய்தியை அளக்க முற்பட்டபோது, போல்ட்ஸ்மானின் கணக்கில் இருந்த அதே மடக்கை வடிவம் மீண்டும் தோன்றியது. அடிக்கடி வரும் எழுத்துக்குச் சிறு குறியீடு, அரிதானதற்கு நெடுங்குறியீடு என்று சுருக்கலாம். ஆயினும் ஒன்றும் இழக்காமல் சுருக்க ஓர் எல்லை உண்டு, அவ்வெல்லையே என்ட்ரோபி!

1985-இல் ஹிண்டன் முதலியோர், மூளை நரம்பணுக்களைப் போன்ற கூறுகளை இணைத்து ‘போல்ட்ஸ்மான் எந்திரம்’ அமைத்தனர். வாயுக்களுக்கென அவர் கண்ட நிகழ்தகவு விதியே அதனை இயக்கியது. அதன் எளிய வகையைக் கொண்டு 2006-இல், 784 புள்ளிகளாலான கையெழுத்து எண் படங்களை 30 எண்களாகச் சுருக்கி, ஏறத்தாழ அதே படங்களாக மீண்டும் விரித்துக் காட்டினர். அவர் மறைந்து சரியாக நூறாண்டு! 2024-இல் ஹாப்ஃபீல்டுக்கும் ஹிண்டனுக்கும் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். இந்தப் படிப்பால் என்ன பயன் என்று ஊரார் கேட்கையில் இவ்வரலாற்றைச் சொல்கிறேன். பயன் ஒரு தலைமுறை கழித்தும் வரலாம்.

ஆனால் அதைக் காண அவர் இல்லையே என்பதுதான் நெஞ்சை உறுத்துகிறது. பேரறிஞரையும் துயரம் தனிமைப்படுத்திவிடும். நம் விடுதியில் ஒரு தோழன் பேச்சைக் குறைத்துக்கொண்டால், புத்தகத்தை மூடிவிட்டு அவன் அருகில் சற்று அமர்வோம், நண்பர்களே!